பிரிட்டனில் பார்ட் டைம் கடை வேலை: குரூப் இன்டர்வியூவுக்குப் போகும் மாணவர்களுக்கு

செப்டம்பரில் மாஸ்டர்ஸ் படிக்க லண்டன், பர்மிங்ஹாம், லெஸ்டர், கிளாஸ்கோ என்று வந்து இறங்கும் மாணவர்களுக்குக் கடை வேலை தேட அதுவே நல்ல காலமும்கூட. கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு ஆள் எடுக்கும் துணிக்கடைகளும் சூப்பர் மார்க்கெட்டுகளும் செப்டம்பர், அக்டோபரிலேயே விளம்பரம் போட்டுவிடுகின்றன. நவம்பர் தொடக்கத்தில் புது ஆட்கள் பயிற்சி முடித்து ஃப்ளோரில், அதாவது வாடிக்கையாளர் நடமாடும் விற்பனைப் பகுதியில், நிற்க வேண்டும். விண்ணப்பித்த ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துப் பேச மேலாளருக்கு நேரம் கிடையாது. அதனால் 6 முதல் 12 பேர் வரை ஒரே அறைக்குக் கூப்பிட்டு, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். அதைத்தான் குரூப் இன்டர்வியூ என்கிறோம்.

பெரும்பாலும் நடப்பது இந்த வரிசையில்: வரவேற்பு, கடையைப் பற்றிச் சிறு அறிமுகம், ஒவ்வொருவரும் தன்னைப் பற்றிப் பேசுவது, குழுவாக ஒரு வேலை, வாடிக்கையாளரோடு பேசுவது போன்ற ஒரு ரோல் பிளே, கடைசியில் ஆளுக்கு 5 அல்லது 10 நிமிடம் தனிப் பேச்சு. சில கடைகளில் ரோல் பிளே இருக்காது. சில இடங்களில் பாதியில் ஒரு பகுதியினரை அனுப்பிவிட்டு மீதிப் பேரை மட்டும் தனிப் பேச்சுக்கு நிறுத்திக்கொள்வார்கள்.

இது கேம்பஸ் ஜி.டி. இல்லை

ஊரில் கேம்பஸ் பிளேஸ்மென்ட்டுக்குத் தயாரானவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். முதலில் வாயைத் திறப்பவருக்கு மார்க், புள்ளிவிவரம் அடுக்குபவருக்கு மார்க், கடைசியில் தொகுத்துச் சொல்பவருக்கு மார்க் என்று குரூப் டிஸ்கஷனில் பழக்கிவிட்டிருப்பார்கள். கடை வேலைக்கு அந்தப் பழக்கம் நேர் எதிராக வேலை செய்கிறது. கிளிப்போர்டோடு ஓரத்தில் நிற்கும் மேலாளர், வாதத்தில் ஜெயிப்பவரைத் தேடவில்லை. சனிக்கிழமை மதியம் 3 மணி, டில்லில் (பணம் கட்டும் கவுண்டரில்) நீள வரிசை, ஃபிட்டிங் ரூம் வாசலில் துணி குவிந்து கிடக்கிறது, ஒருவர் சிக் லீவு. அந்த நேரத்தில் பக்கத்தில் திணறுகிறவரைக் கண்டு, யாரும் சொல்லாமலே போய்க் கைகொடுக்கும் ஆள் யார்? மேலாளர் மனதில் ஓடுவது இந்தக் கேள்விதான். நீங்கள் சொன்ன ஐடியா ஏற்கப்பட்டதா இல்லையா என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

வெளியே காத்திருக்கும் 10 நிமிடமும் கணக்கில் சேரும். கதவைத் திறந்துவிட்ட ஊழியரிடம் எப்படிப் பேசினீர்கள், பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் ஒரு ஹலோவாவது சொன்னீர்களா, அல்லது போனுக்குள் தலையைப் புதைத்திருந்தீர்களா என்பதையெல்லாம் அந்த ஊழியரிடம் மேலாளர் பிறகு கேட்பது உண்டு.

முதலில் காகிதங்கள்

நேர்காணலில் நன்றாகச் செய்துவிட்டு ஆவணத்தில் தடுமாறுகிறவர்கள் நிறைய. முந்தின நாளே எடுத்து வையுங்கள்.

ஷேர் கோட்: உங்களுக்கு வேலை செய்ய அனுமதி உண்டா என்று கடை ஆன்லைனில் சரிபார்க்கும் குறியீடு. யு.கே.வி.ஐ. (பிரிட்டன் விசா துறை) கணக்கில் நுழைந்து அரசு இணையதளத்தில் நீங்களே இலவசமாக எடுக்கலாம். 9 எழுத்துகளும் எண்களும் கலந்தது, 90 நாள் செல்லும். வேலைக்கான கோட் டபிள்யூ எழுத்தில் தொடங்கும். வீடு வாடகைக்கு எடுத்தபோது வாங்கியது ஆர் எழுத்தில் தொடங்கும். அதைக் கடையில் கொடுத்தால் செல்லாது. பலர் செய்யும் தவறு இது. சீனியர்கள் காட்டும் பழைய பி.ஆர்.பி. அட்டையை (விசாவுக்கான பிளாஸ்டிக் அட்டை) இப்போது வேலைத் தகுதிக்குக் காட்ட முடியாது. 2024 டிசம்பர் 31-ஓடு அவை காலாவதியாகி, எல்லாம் ஆன்லைன் பதிவான ஈ-விசாவுக்கு மாறிவிட்டது.

பாஸ்போர்ட் ஒரிஜினல். படிப்பின் டெர்ம் தேதிகள் குறிப்பிட்ட பல்கலைக்கழகக் கடிதம் அல்லது மின்னஞ்சல். இந்தக் கடிதத்தைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ஸ்டூடன்ட் விசாக்காரரை வேலைக்கு எடுக்கும்போது டெர்ம் எப்போது, விடுமுறை எப்போது என்பதற்குக் கடை ஆதாரம் வைத்திருக்க வேண்டும். பல்கலைக்கழக மாணவர் சேவை மையத்தில் கேட்டால் தருவார்கள். ஆனால் அக்டோபரில் அங்கேயும் கூட்டம், சில நாள் ஆகலாம். இன்டர்வியூ அழைப்பு வருவதற்கு முன்பே வாங்கிவைத்துவிடுவது நல்லது.

நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் (சம்பளத்தில் வரி, காப்பீடு பிடிப்பதற்கான உங்கள் அரசு எண்) இன்னும் வரவில்லையே என்று விண்ணப்பிக்காமல் இருக்காதீர்கள். வேலைத் தகுதி நிரூபணமானால், எண் வரும் முன்பே வேலையைத் தொடங்கலாம். விண்ணப்பித்திருக்கிறேன் என்று சொன்னால் போதும்.

20 மணி நேர விதியைத் தெளிவாகத் தெரிந்துவைத்திருங்கள். தனிப் பேச்சில் கண்டிப்பாக வரும். டிகிரி அல்லது அதற்கு மேற்பட்ட படிப்பு என்றால் பொதுவாக டெர்ம் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். அதற்குக் கீழ்ப்பட்ட படிப்புக்கு 10. வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 15, அடுத்த வாரம் 25, சராசரி 20 தானே என்று கணக்குப் போட முடியாது. இரண்டு இடத்தில் வேலை என்றால் இரண்டையும் சேர்த்து 20. ஒரு வருட மாஸ்டர்ஸ் படிப்பவர்கள் கோடையை விடுமுறை என்று நினைத்துவிடுகிறார்கள். டிசர்டேஷன் எழுதும் அந்த மாதங்களும் டெர்ம்தான், படிப்பு முடியும் தேதி வரை. சட்டத்துக்குப் புறம்பாக ஒருவரை வேலை செய்யவிட்டால் கடைக்கு முதல் தடவையே ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம் விழலாம், உங்கள் விசாவும் போகலாம். ஆகவே "20-க்கு மேல் கொஞ்சம் பண்ணலாம் பரவாயில்லை" என்று நீங்களாகச் சொன்னால், அது ஆர்வமாகத் தெரியாது. அந்த இடத்திலேயே உங்கள் பெயரை அடித்துவிடுவார்கள்.

கடையை ஒருமுறை வாடிக்கையாளராகச் சுற்றுங்கள்

இன்டர்வியூவுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக, அதே கிளைக்கு, கூட்டம் உள்ள நேரத்தில் போங்கள். அரை மணி நேரம் போதும். நிறுவனம் எந்த வருடம் தொடங்கியது, எத்தனை நாட்டில் கிளை என்பதை மனப்பாடம் செய்வதைவிட இந்த அரை மணி நேரம் பல மடங்கு உதவும்.

பார்க்க வேண்டியவை: நுழைந்ததும் கண்ணில் படும்படி எதை வைத்திருக்கிறார்கள், ஊழியர் உள்ள டில் எத்தனை, செல்ஃப் செக்அவுட் எத்தனை, ஆன்லைனில் வாங்கியதை எடுத்துக்கொள்ளும் இடம் எங்கே, ரிட்டர்ன் எந்தக் கவுண்டரில், லாயல்டி கார்டின் பெயர் என்ன. டெஸ்கோ என்றால் கிளப்கார்டு, செயின்ஸ்பரிஸ் என்றால் நெக்டர், பூட்ஸ் என்றால் அட்வான்டேஜ் கார்டு. டெஸ்கோவில் ஒரே பொருளுக்குக் கார்டு உள்ளவருக்கு ஒரு விலை, இல்லாதவருக்கு வேறு விலை என்று மஞ்சள் சீட்டில் போட்டிருப்பதைக் கவனியுங்கள். டில்லில் வரும் தகராறு பல அங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று ஊழியரிடம் கேட்டுப் பாருங்கள். கையை நீட்டிக் காட்டுகிறாரா, கூடவே நடந்து வந்து காட்டுகிறாரா? "இந்தக் கடையில் ஏன் வேலை செய்ய விரும்புகிறீர்கள்?" என்று கேட்கும்போது, "செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தேன். ஷாம்பு எங்கே என்று கேட்டதற்கு ஊழியர் ட்ராலியை ஓரம் வைத்துவிட்டு அந்த அடுக்கு வரை கூடவே வந்தார்" என்று நீங்கள் சொன்னால், அந்த அறையில் வேறு யாரும் அந்தப் பதிலைச் சொல்லியிருக்க முடியாது.

உடை

சூப்பர் மார்க்கெட், மருந்து, அழகுசாதனக் கடைகளுக்குக் கறுப்பு டிரவுசர், வெற்று நிறச் சட்டை, துடைத்த ஷூ. டை, கோட்டு, சூட் வேண்டாம். அங்கே மேலாளரே அப்படி வரமாட்டார். துணிக்கடை என்றால் அந்தக் கடையின் பாணியை ஒட்டிய சாதாரண உடை. போட்டிக் கடையின் லோகோ தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

குளிர்காலக் கோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து தங்கும் வீட்டில் தாளிக்கும் புகை ஜன்னல் திறக்காத குளிரில் எங்கும் போகாது. சமையலறைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும் கோட்டில்தான் போய் உட்காரும். நமக்குப் பழகிப்போன வாசனை, மூடிய அறையில் மற்றவர்களுக்குத் தூக்கலாகத் தெரியும். கோட்டை அறைக்குள் அலமாரியில் மூடி வையுங்கள், முந்தின இரவு ஜன்னலோரம் காற்றில் போடுங்கள். அறைக்குள் போனதும் கழற்றி நாற்காலிக்குப் பின்னால் மாட்டிவிடுங்கள். கோட்டோடு உட்கார்ந்திருப்பவர் எப்போது எழுந்து போகலாம் என்று காத்திருப்பவர் போலத் தெரிவார்.

10 முதல் 15 நிமிடம் முன்னதாகக் கடை வாசலில் இருங்கள். அரை மணி நேரம் முன்னால் போய் நிற்பதும் தொந்தரவுதான். அங்கே வேலை நடந்துகொண்டிருக்கும். கடை திறக்கும் முன் இன்டர்வியூ வைத்திருந்தால் எந்தக் கதவு வழியாக வர வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதியிருப்பார்கள். பூட்டிய முன்கதவைத் தட்டிக்கொண்டே நேரத்தைத் தொலைத்தவர்கள் உண்டு.

அறிமுகம்: 40 வினாடி

"மைசெல்ஃப் கார்த்திக்" என்று தொடங்காதீர்கள். ஊரில் பத்து வருடமாகச் சொல்லிப் பழகியது, வாய் தானாக அங்கே போகும். ஆனால் இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. "ஹாய், ஐ'ம் கார்த்திக்" போதும். அப்பா என்ன வேலை, சொந்த ஊர், பத்தாவது பன்னிரண்டாவது மார்க், ஹாபி, ஸ்ட்ரெங்த், வீக்னெஸ் எதுவும் வேண்டாம். "பாஸ்ட் அவுட்" என்ற சொல்லை மறந்துவிடுங்கள். அவர்கள் காதில் அது மயங்கி விழுந்ததாகக் கேட்கும். மேலாளரைச் சார், மேடம் என்று கூப்பிடாதீர்கள். பெயர் சொன்னால் பெயரையே சொல்லிக் கூப்பிட வேண்டும். மரியாதைக் குறைவு என்று மனது உறுத்தும், ஆனால் இங்கே அதுதான் மரியாதை.

40 வினாடியில் நான்கு விஷயம் போதும்: பெயர், என்ன படிக்கிறீர்கள், மக்களோடு வேலை செய்த ஓர் அனுபவம், இந்தக் கடை ஏன். பெயர் நீளமானால் எப்படிக் கூப்பிடலாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ஸ்டிக்கரில் பெயர் எழுதச் சொன்னால் இனிஷியல் இல்லாமல், கூப்பிடும் பெயரை மட்டும், பெரிய எழுத்தில். சிறிதாக எழுதினால் தூரத்தில் நின்று குறிப்பெடுப்பவரால் படிக்க முடியாது. உங்கள் நல்ல பேச்சு பேர் தெரியாத ஒருவரின் கணக்கில் போய்விடும்.

அனுபவம் இல்லையே என்று தயங்க வேண்டாம். அப்பாவின் மளிகைக் கடையில் லீவு நாளில் கல்லாவில் உட்கார்ந்தது, கோயில் அன்னதானத்தில் வரிசையை ஒழுங்குபடுத்தியது, காலேஜ் கல்ச்சுரல்ஸில் ஸ்டால் போட்டது எல்லாமே அனுபவம்தான். அளவோடு சொல்ல வேண்டும். "ஸ்டால் போட்டோம்" என்பதைவிட, "இரண்டு நாள், நான்கு பேர், எலுமிச்சை ஜூஸ் ஸ்டால், முதல் நாள் மதியமே ஐஸ் தீர்ந்துவிட்டது, மறுநாள் இருமடங்கு வாங்கினோம்" என்பது ஸ்டாக் பார்க்கத் தெரிந்தவர் பேசுவதாக இருக்கும். இல்லாத அனுபவத்தைச் சேர்க்காதீர்கள். அடுத்த கேள்வியிலேயே பிடிபடும்.

மற்றவர்கள் அறிமுகம் சொல்லும்போது உங்கள் வரிகளை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு மூன்று பேர் பெயரையாவது நினைவில் வையுங்கள். அதன் பயன் அடுத்த கட்டத்தில் தெரியும்.

குழுவாகச் செய்யும் வேலை

நிறைய எடை இதற்குத்தான். என்ன கொடுப்பார்கள் என்பது கடைக்குக் கடை மாறும். காகிதமும் டேப்பும் வைத்து உயரமாகக் கோபுரம் கட்டுவது. பத்துப் பதினைந்து பொருள் பட்டியலை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்துவது. "50 பவுண்டில் ஒரு கல்யாண வரவேற்புக்கு முழு உடை தேர்ந்தெடுங்கள்" என்று ஃப்ளோருக்கே அனுப்புவது. ஒரு காலி மேசையைக் காட்டி இதில் கிறிஸ்துமஸ் பரிசுப் பொருட்களை எப்படி அடுக்குவீர்கள் என்பது.

ஒரு சின்னக் கணக்கு. 8 பேர், 15 நிமிடம். ஆளுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடையாது. நீங்கள் மூன்று நிமிடம் பேசினால் அது இன்னொருவரின் நேரம். நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் 15, 20 வினாடி பேசினால் அளவு சரியாக இருக்கும். ஒருமுறைகூடப் பேசாமல் இருந்தால் மட்டும் மதிப்பிட எதுவுமே இருக்காது; எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்தத் தாளில் உங்கள் வரிசை காலி. முதல் மூன்று நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தாமதிக்கத் தாமதிக்க வாய் திறப்பது கடினமாகிவிடும்.

முதல் வார்த்தையாக மிகவும் பயன்படுவது கொடுத்த தாளைச் சத்தமாக ஒருமுறை வாசித்துக் காட்டுவது. 50 பவுண்டு என்பதில் ஷூவும் சேர்ந்ததா, கோபுரம் தானாக நிற்க வேண்டுமா, எத்தனை நிமிடம். பாதிக் குழுக்கள் இதைப் படிக்காமல் வேலையில் இறங்கி, கடைசி நிமிடத்தில் விதியை மீறியிருப்பதைக் கண்டுபிடிக்கின்றன.

உடை தேர்ந்தெடுக்கும் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஃப்ளோரில் இறங்கியதும் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் ஓடி, தனக்குப் பிடித்த சட்டையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 8 பேர், 8 சட்டை, டிரவுசர் இல்லை, விலையும் கூட்டவில்லை. இந்த இடத்தில் ஒருவர், "யாருக்கு இந்த உடை, ஆணா பெண்ணா, என்ன வயது என்று முதலில் முடிவு செய்துவிடலாமா?" என்று கேட்டால் குழுவே மூச்சுவிடும். பிறகு, "டேனியல் ஷூ பார்க்கட்டும், நானும் அமினாவும் மேல் உடை, நீங்கள் விலையைப் போனில் கூட்டுகிறீர்களா?" என்று பெயர் சொல்லிப் பிரிக்கலாம். பெயரை நினைவில் வைத்திருந்தது இங்கேதான் கைகொடுக்கிறது. எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்த துணியை அதே ரேக்கில், ஹேங்கரில் ஒழுங்காக மாட்டிவிட்டு வாருங்கள். பார்க்கிறவர் இதைப் பார்க்கிறார். அந்த வழியில் ஒரு வாடிக்கையாளர் உங்களை ஊழியர் என்று நினைத்து ஏதாவது கேட்டால், "நான் இங்கே வேலை செய்யவில்லை" என்று நகர்ந்துவிடாதீர்கள். "ஒரு நிமிடம், ஊழியரைக் கூப்பிடுகிறேன்" என்று சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வாருங்கள்.

பேசாமல் உட்கார்ந்திருப்பவரைப் பேச்சுக்குள் இழுப்பது நல்ல விஷயம். ஆனால் "நீங்கள் ஏன் ஒன்றும் பேசவில்லை?" என்று கேட்டால் அவரைக் குத்திக்காட்டியதாகும். "சோஃபி, நீங்கள் முன்பு ஷூ கடையில் இருந்ததாகச் சொன்னீர்களே, உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேளுங்கள். அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறீர்கள் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. ஒருவரே பேச்சைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தால் மோதாதீர்கள். "அது நல்ல யோசனை, நேரம் 6 நிமிடம்தான் இருக்கிறது, அதையே வைத்துக்கொண்டு விலையைப் பார்த்துவிடலாமா?" என்றால் பேச்சு தானாக நகரும்.

நேரம் பார்க்கும் பொறுப்பை எடுத்தால் கடைசி வரை செய்யுங்கள். எடுத்துவிட்டு மறந்து போவது, எடுக்காமலே இருப்பதைவிட மோசம்.

கோபுரம் சரிந்துவிட்டாலும் சிரித்துக்கொண்டு மீண்டும் தொடங்கும் குழுவில் இருப்பவர்களுக்கு அதனால் ஒன்றும் குறையாது. "நான் அப்போதே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை வந்தால் குறையும்.

இன்னொன்று. அறையில் இன்னொரு தமிழர் இருக்கலாம். இப்போது இருக்கும் கூட்டத்துக்கு அநேகமாக இருப்பார். "நீங்க எந்த ஊரு ப்ரோ?" என்பதை வெளியே வந்து பேசிக்கொள்ளலாம். குழு வேலைக்கு நடுவில் இருவர் மட்டும் தமிழில் பேசினால் மீதி 6 பேரை வெளியே தள்ளியதாக ஆகிவிடும். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காராமல் இருந்தாலே பாதிச் சிக்கல் தீரும். அதேபோல, நமக்கு ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டும் பழக்கம் உண்டு. அவர்களுக்கு அது இல்லை என்றும் தெரியலாம். வாயால் "யெஸ்" என்று சொல்லிவிடுங்கள்.

ரோல் பிளே

மேலாளரோ ஊழியரோ வாடிக்கையாளராக நடிப்பார். கோபமாக வருவார். சரியான பதில் என்ன என்று தேடி மூளையைக் கசக்க வேண்டியதில்லை. கடை விதிகள் உங்களுக்குத் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியும். கேட்டீர்களா, பதறாமல் இருந்தீர்களா, தெரியாததை வாக்குக் கொடுத்துவிடாமல் தெரிந்தவரிடம் கொண்டுபோனீர்களா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

உதாரணத்துக்கு, இரண்டு வாரம் முன்பு வாங்கிய ஜாக்கெட்டின் ஜிப் போய்விட்டது, ரசீது இல்லை, பணம் திருப்பிக் கொடு என்கிறார். முதலில் முழுதாகப் பேசவிடுங்கள். பிறகு, "இப்படி ஆனதற்கு வருந்துகிறேன், ஜிப்பைக் காட்டுகிறீர்களா?" என்று ஜாக்கெட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். வாங்கிப் பார்க்கும்போதே பாதிக் கோபம் இறங்கும். அடுத்து, "கார்டில் வாங்கினீர்களா, எந்தத் தேதி என்று நினைவிருக்கிறதா, வங்கிக் கணக்கில் பதிவு இருக்கும்" என்று ரசீதுக்கு மாற்று தேடுங்கள். பிறகு, "மேற்பார்வையாளரைக் கேட்டுவிட்டு இரண்டு நிமிடத்தில் வருகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி திரும்பி வாருங்கள். "ரசீது இல்லையென்றால் முடியாது" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்வதும் தவறு, "கண்டிப்பாகப் பணம் தந்துவிடுகிறேன்" என்பதும் தவறு. கொஞ்சம் சட்டம் தெரிந்திருந்தால் நல்லது: 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. கடைக்கு நேரில் வந்து வாங்கிவிட்டு மனம் மாறித் திருப்புவதற்கு அப்படிச் சட்ட உரிமை இல்லை, அது கடையின் கொள்கையைப் பொறுத்தது.

இன்னும் சில நிலைமைகள் திரும்பத் திரும்பக் கேட்கப்படும். பால் பாட்டில் உடைந்து தரையில் கொட்டிவிட்டது: அந்த இடத்தை விட்டு நகராமல் நின்று, இன்னொருவரைக் கூப்பிட்டு, எச்சரிக்கைப் பலகை வைத்த பிறகே துடைக்கும் பொருள் எடுக்கப் போக வேண்டும். ஒருவர் திருடுவதைப் பார்த்தால்: துரத்தக்கூடாது, தடுக்கக்கூடாது, செக்யூரிட்டிக்கோ மேலாளருக்கோ சொல்ல வேண்டும். துரத்துவேன் என்று வீரமாகச் சொல்கிறவர்கள் அதிகம், அதுதான் தவறான பதில். மது வாங்க ஒருவர் வந்தால்: 18 வயதுக்குக் கீழ் விற்கக்கூடாது, 25-க்குக் கீழ்த் தோன்றினாலே அடையாள அட்டை கேட்பது சேலஞ்ச் 25 நடைமுறை. எவ்வளவு கெஞ்சினாலும் அட்டை இல்லையென்றால் விற்பனை இல்லை.

நம் ஆங்கிலமும் கடை ஆங்கிலமும்

நமக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் கடைச் சொற்கள் இங்கே வேறு. பில் என்பதை ரிசீட் என்பார்கள், கேஷ் கவுண்டர் என்பதை டில், டிரையல் ரூம் என்பதை ஃபிட்டிங் ரூம், கேரி பேக் என்பதைக் கேரியர் பேக், குடோன் என்பதை ஸ்டாக்ரூம். துணிக்கடையில் பேன்ட்ஸ் என்று சொன்னால் அது உள்ளாடை. டிரவுசர்ஸ் என்று சொல்லுங்கள். காய்கறிப் பிரிவில் பிரிஞ்சால் என்றால் பலருக்குப் புரியாது, ஓபர்ஜின். லேடீஸ் ஃபிங்கர் என்றால் ஓக்ரா, கேப்சிகம் என்றால் பெப்பர், மைதாவுக்குப் பக்கத்தில் வருவது பிளெய்ன் ஃபிளவர், கர்ட் கிடையாது, யோகர்ட். "யூ ஆல்ரைட்?" என்று கேட்டால் உடம்புக்கு என்ன என்று விசாரிக்கவில்லை, அது வெறும் ஹலோ. "யெஸ் தேங்க்ஸ், யூ?" என்று திருப்பிச் சொன்னால் முடிந்தது.

கிளாஸ்கோ, நியூகாசில், லிவர்பூல் பக்கம் உச்சரிப்பு பிடிபட நாளாகும். புரியாமல் சிரித்துத் தலையாட்டுவதைவிட, "சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?" என்று கேட்பது நல்லது. அடுத்த வாரம் வாடிக்கையாளரிடமும் அதைத்தான் கேட்கப்போகிறீர்கள். நீங்கள் பேசும்போது வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

தனிப் பேச்சு: உங்கள் நேரம்தான் கேள்வி

கடைசி 5 நிமிடத்தில் ஓடுவது ஒரே விஷயம்: எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம். இரண்டு பேர் சம அளவில் இருந்தால் சனி, ஞாயிறு வரக்கூடியவருக்குத்தான் வேலை. வகுப்பு அட்டவணையைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: திங்கள் மாலை 4 முதல் 10, புதன் முழு நாள், சனி ஞாயிறு எந்த நேரமும் என்று. "எப்போது வேண்டுமானாலும் வருவேன்" என்பது மாணவர் வாயிலிருந்து வந்தால் நம்பமாட்டார்கள். வேலை கிடைத்தபின் செவ்வாய் காலை வகுப்பு என்று சொன்னால் உறவு அங்கேயே கெடும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் ஞாயிற்றுக்கிழமை காலை 10 முதல் மாலை 6-க்குள் தொடர்ச்சியாக 6 மணி நேரம்தான் திறந்திருக்கலாம்; கிறிஸ்துமஸ் அன்று மூடல். டிசம்பர் 26 பாக்சிங் டே சேல் பல கடைகளுக்குப் பெரிய நாள். டிசம்பரில் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். கிறிஸ்துமஸ் வேலைக்கு அது பெரும்பாலும் பாதகம்தான், ஆனால் மறைத்துவிட்டுக் கடைசி நேரத்தில் சொல்வதால் மற்ற ஊழியர்கள் தலையில் அந்த ஷிப்ட் விழும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்கூட்டியே சொன்னால் பொதுவாக ஷிப்ட் மாற்றிக்கொள்ளலாம்.

அதிகாலை 5, 6 மணிக்கு ஸ்டாக் அடுக்கும் ஷிப்டுக்குச் சம்மதிக்கும் முன், அந்த நேரத்துக்கு உங்கள் தெருவில் பஸ் இருக்கிறதா என்று பாருங்கள், முக்கியமாக ஞாயிறு. டாக்சிக்குக் கொடுத்தால் அன்றைய சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும். 2026 ஏப்ரலிலிருந்து 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.71 பவுண்டு, 18 முதல் 20 வயதுக்கு 10.85.

நீங்களும் ஏதாவது கேட்க வேண்டும். பயனுள்ள கேள்விகள்: ஒப்பந்தத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ரோட்டா (யாருக்கு எந்த ஷிப்ட் என்ற அட்டவணை) எத்தனை நாள் முன்னால் வரும், முதல் வாரப் பயிற்சி எப்படி இருக்கும், முடிவு எப்போது தெரியும். 20 மணி நேர ஒப்பந்தத்தைவிட 12 அல்லது 16 மணி நேரம் மாணவருக்கு வசதி. ஓவர்டைம் கேட்டால் எடுக்க இடமிருக்கும், விசா வரம்பும் தாண்டாது. சம்பளம் விளம்பரத்திலேயே போட்டிருந்தால் அதை மறுபடி கேட்காதீர்கள்.

காது கேட்பதில் சிரமம், திக்குவாய், டிஸ்லெக்சியா போன்றவை இருந்தால் அழைப்பு வந்ததுமே மின்னஞ்சலில் சொல்லலாம். நியாயமான மாற்றங்கள் செய்துதர வேண்டிய கடமை கடைக்கு உண்டு. கேள்வித் தாளை முன்கூட்டியே கேட்பதும் அதில் அடங்கும்.

முடிந்த பிறகு

எழுந்ததும் நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, மேசையில் கிடக்கும் காகிதம், தண்ணீர்க் கப் எடுத்துப் போடுங்கள். கடை வேலையின் பாதி அதுதானே.

பதில் மறுநாளே வரலாம், ஒரு வாரமும் ஆகலாம். சொன்ன தேதி தாண்டி இரண்டு நாள் ஆனால் ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். ஸ்பாம் ஃபோல்டரைத் தினமும் பாருங்கள். தானியங்கி முறையில் வரும் ஆஃபர் கடிதங்கள் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும், சிலவற்றுக்கு 48 அல்லது 72 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கிடைக்கவில்லை என்றால் எதில் குறை என்று ஒரு வரியில் கேளுங்கள். எல்லோரும் சொல்லமாட்டார்கள், சொல்பவர்கள் சொல்வது அநேகமாக இரண்டில் ஒன்றாக இருக்கும்: நேரம் பொருந்தவில்லை, அல்லது குழுவில் உங்களைப் பார்க்க முடியவில்லை. நேரம்தான் காரணம் என்றால் வேறு கிளைக்கு உடனே போடுங்கள். அதே நிறுவனம் மறுபடி விண்ணப்பிக்கச் சில மாத இடைவெளி வைத்திருந்தால், விண்ணப்பப் பக்கத்திலேயே காட்டும்.

வேலை வாங்கித் தருகிறேன், 200 பவுண்டு கொடு என்று வாட்ஸ்அப் குழுக்களில் வருகிறவர்களிடம் ஏமாறாதீர்கள், நம் ஊர்க்காரர் என்றாலும் சரி. வேலை தேடித் தருவதற்கு வேலை தேடுபவரிடம் பணம் வாங்குவதை 1973-ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு முகவர் சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, தடை செய்கிறது. கடை வேலை அந்த விதிவிலக்கில் வராது.

வேலை உறுதியானதும் ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் என்ற வரிப் படிவம் வரும். இந்த வரி ஆண்டில் இதுதான் முதல் வேலை என்றால் அதற்கான பெட்டியில் டிக் செய்யுங்கள். மாற்றி டிக் செய்தாலோ, நிரப்பாமல் விட்டாலோ முதல் மாதச் சம்பளத்தில் தேவையில்லாமல் வரி பிடித்துவிடுவார்கள். வருடத்துக்கு 12,570 பவுண்டு வரை வருமான வரி கிடையாது. பிடித்த பணம் பிறகு திரும்பி வரும், ஆனால் வாடகை தேதிக்கு முன்னால் வராது.